மின்வாரியத்தில் பட்டதாரிப் பழகுநர் பயிற்சி: எங்கள் நிலைப்பாடு

பொறியியல் பட்டம் பெற்றவர்களைத் தமிழ்நாடு மின்வாரியம் ஓராண்டுக்குத் தொழில் பழகுநர்களாக எடுக்கும் திட்டம் தொடர வேண்டும் என்பதே எங்கள் சங்கத்தின் கருத்து. ஆனால், பயிற்சி முடித்தவர்களுக்கு உதவிப் பொறியாளர் தேர்வில் என்ன மதிப்பு உண்டு என்பதை, பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பிலேயே எழுத்தில் சொல்லியாக வேண்டும். 'இது வேலைக்கான உத்தரவாதம் அல்ல' என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்வது போதாது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது அதன் 22ஆம் பிரிவும் மாறியது. தன்னிடம் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நாங்களும் அதைக் கேட்கவில்லை. கொள்கை என்ன என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ளும் உரிமையைக் கேட்கிறோம்.

இந்த ஓராண்டில் கிடைக்கும் அறிவு கல்லூரியில் கிடைப்பதில்லை. மின்கம்பியில் வேலை செய்யத் துணை மின் நிலையம் தரும் அனுமதியான 'லைன் கிளியர்' நடைமுறையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு 11 கிலோவோல்ட் ஃபீடரில் பராமரிப்பு வேலை என்றால், களத்தில் இருப்பவர் லைனை நிறுத்தித் தரும்படி துணை மின் நிலையத்தைக் கேட்கிறார். அங்கே பணியில் இருப்பவர் பிரேக்கரை நிறுத்தி, ஐசோலேட்டரைத் திறந்து, எர்த் செய்து, யார் கேட்டார், எத்தனை மணிக்கு என்பதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே லைன் கிளியர் கொடுக்கிறார். ஒரே ஃபீடரில் இரண்டு குழுக்கள் வேலை செய்தால் இரண்டு லைன் கிளியர். ஒரு குழு திருப்பிக் கொடுத்துவிட்டது என்பதற்காக மின்சாரம் விடக் கூடாது. இத்தனைக்குப் பிறகும், ஏதோ ஒரு கடையின் ஜெனரேட்டர் பின்பக்கமாக லைனுக்கு மின்சாரம் ஏற்றிவிடலாம் என்பதால், வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் எர்த் ராட் மாட்ட வேண்டும். ரிலே எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடப்புத்தகம் நன்றாகவே சொல்லித்தரும். இந்த ஒழுங்கைப் பதிவேட்டின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். தேர்வெழுதி நேராகப் பிரிவு அலுவலகத்துக்கு வரும் உதவிப் பொறியாளரின் கீழேதான் கம்பம் ஏறும் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர் இதை முன்பே கற்று வருவது யாருக்கும் செய்யும் சலுகை அல்ல. 2024 மே மாதத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. சுமை இப்படி ஏற ஏறப் பராமரிப்புக்காக லைனை நிறுத்தும் நேரமும் சுருங்குகிறது, அவசரமும் கூடுகிறது.

இந்த ஓராண்டுக்குப் பட்டதாரி கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதில் பாதி மத்திய அரசின் பங்கு. வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குபவருக்கு இது எந்த மூலைக்கு? அதைவிட முக்கியம், ஏற்கெனவே பழகுநர் பயிற்சி பெற்றவர் மறுபடியும் சேர முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு இது. அந்த ஆண்டை வாங்கிக்கொள்ளும் நிறுவனம், விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு அவரை உட்கார வைத்தால் நட்டம் அவருக்கு மட்டும்தான். பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. அப்படியானால் காலிப் பணியிடத்தை அவரைக் கொண்டு நிரப்புவதற்கும் அதே பிரிவுதான் தடை. எனவே துணை மின் நிலையம், பிரிவு அலுவலகம், மீட்டர் சோதனை, பாதுகாப்பு ரிலே ஆகியவற்றில் இத்தனை வாரங்கள் என்று வரையறுத்த பயிற்சியும், பொறுப்புப் பொறியாளர் கையெழுத்திடும் பயிற்சிக் குறிப்பேடும், முடிவில் ஒரு செய்முறைத் தேர்வும் வேண்டும் என்கிறோம்.

எங்கள் கோரிக்கைக்கு வலுவான மறுப்பு, இது பின்வாசல் நியமனம் ஆகிவிடும் என்பது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களின் பணியிடங்களுக்கும் டி.என்.பி.எஸ்.சி.தான் தேர்வு நடத்துகிறது. அந்தப் பொதுத்தேர்விலிருந்து பழகுநர்களுக்கு விலக்கு கேட்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னதும் அளவானதே: மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை, வயது வரம்பில் தளர்வு, பயிற்சி முடித்தவர்களின் ஆண்டுவாரிப் பட்டியல். ரயில்வே இதைவிட ஒரு படி மேலே போய், தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. செய்முறைத் தேர்வில் தேறியவருக்குச் சிறு அளவு கூடுதல் மதிப்பெண், அதுவும் இடஒதுக்கீட்டுச் சுழற்சிக்கு உள்ளேயே, என்பதோடு நிறுத்துகிறோம். பயிற்சிக்கான தேர்வு பட்ட மதிப்பெண் அடிப்படையில் நடப்பதால் ஏற்கெனவே முன்னால் நிற்பவர்களே மேலும் முன்னேறுவார்கள் என்ற கவலை நியாயமானது. பயிற்சி இடங்களிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்று சட்டத்தின் 3ஏ, 3பி பிரிவுகள் சொல்கின்றன. அதைக் கறாராகப் பின்பற்றி, ஒவ்வோர் ஆண்டும் தேர்வுப் பட்டியலை வெளியிட்டால் அந்தக் கவலை பெருமளவு குறையும்.

கடனில் தவிக்கும் வாரியத்துக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். குறிப்பேட்டுக்கும் ஒரு செய்முறைத் தேர்வுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. ஓராண்டு பயிற்றுவித்த ஆளை ஐ.டி. கம்பெனிக்கு அனுப்பிவைப்பதும் செலவுதான். மிச்சமிருப்பது, குறிப்பேடும் தேர்வும் இல்லாத காலத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு காத்திருப்பவர்களின் நிலை. சான்றிதழை மட்டும் பார்த்து அவர்களுக்கு மதிப்பெண் தருவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை, விட்டுவிடவும் மனமில்லை. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் பதிவுகளைக் கொண்டு ஆண்டுவாரிப் பட்டியல் தயாரித்து, விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் அதே செய்முறைத் தேர்வை ஒரு முறை, கட்டணமில்லாமல், அவரவர் மின் பகிர்மான வட்டத்திலேயே நடத்த வேண்டும்.