கொழுந்துக் கத்தரியும் விமானியின் ஆளியும்

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையில் முற்றிய இலை மிகுதியாகக் காணப்படின், அது கொய்த பெண்ணின் கவனயீனமே என்று முடிவு கட்டப்படுகின்றது. அவள் கையிற் கொடுக்கப்பட்ட கத்தரியை எவரும் விசாரிப்பதில்லை. விரலாற் கிள்ளும்போது கொள்ளத்தக்கது எது, விடத்தக்கது எது என்பதைக் கண்ணும் விரலும் ஒருங்கே தேர்கின்றன. கத்தரியோ அலகினுள் அகப்பட்டதையெல்லாம் வெட்டும். தேர்ந்தெடுக்க இயலாத கருவியைக் கொடுத்துவிட்டுத் தேர்வு பிழைத்ததென ஒருத்தியைக் கடிந்துகொள்வது எவ்வகை நீதி?

இதே நீதி ஒருகாலத்தில் வானூர்தித் துறையிலும் நிலவியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க பி-17 விமானிகள் சிலர், தரையிறங்கிய பின்னர் இறக்கை மடல்களை மடக்க எண்ணிச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டனர். விமானம் வயிறு தேயத் தரையில் விழுந்தது. பழி விமானிமேல் விழுந்தது. 1943இல் உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானி அறையினுட் புகுந்து பார்த்தார். இரு வேலைகளுக்குமுரிய ஆளிகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. அவ்வாறு அமையாத சி-47 விமானத்தில் அத்தவறு நேரவில்லை. சக்கர ஆளிக்குச் சக்கர வடிவும் மடல் ஆளிக்கு ஆப்பு வடிவும் கொடுப்பதே அவர் கண்ட தீர்வு. 1947இல் பிற்ஸ், ஜோன்ஸ் என்போர் விமானிகளிடமே கேட்டு, இயக்குகருவிகளைக் கையாள்கையில் நேர்ந்த 460 தவறுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். 1950இல் 4,063 விமானிகளின் உடல் அளவுகள் எடுக்கப்பட்டன. முக்கியமான பத்து அளவுகளிலும் 'சராசரி'யாக அமைந்தவர் ஒருவரேனும் இருக்கவில்லை என்பதை கில்பேர்ட் டானியல்ஸ் காட்டினார். இருக்கையை ஆளுக்கேற்ப நகர்த்தும் ஏற்பாடு இத்தகைய அறிவின் பேறாகும்.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைச் சரிவுகளில் சராசரிப் பெண் இருக்கிறாளா? ஒரே நிரையில் நிற்கும்போது மேற்புறச் செடி மார்புக்கும் கீழ்ப்புறச் செடி இடுப்புக்கும் கீழாகவும் வரும். மழையில் வழுக்கும் மண்ணில் ஒரு கால் ஊன்றி, இலை நிறைந்த தட்டோடு கத்தரியைத் தூக்கி, தோளுக்குப் பின்னால் கொட்ட வேண்டும். சமதரையில் நின்று கருவியைப் பிடித்துப் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

தொழிலாளருக்குத் தொழில்நுட்ப அறிவில்லை, அவர்கள் புதுமையை எதிர்ப்பவர் என்பர் சிலர். இடுப்பிற் சுற்றும் படங்கை எந்தப் பொறியியலாளர் வரைந்து கொடுத்தார்? கிளை கிழிக்காமலும் பனி நனைக்காமலும் உடலைக் காக்கும் வழியைக் கண்டவர்கள் அவர்களே. மாறாக, 10 அடிக்கு 12 அடியென லயன் அறைக்குக் கணக்கு வகுத்த அறிவாளர் எவரும் அதனுள் ஒரு குடும்பத்தோடு உறங்கியவரல்லர். எதிர்ப்பைப் பொறுத்தவரை, அதன் வேர் கத்தரியில் இல்லை, 'பேரி'ல் இருக்கின்றது. கருவியால் இன்று இரண்டு கிலோ கூடினால், நாளை ஒரு பேருக்குரிய கிலோவும் கூட்டப்படும், எட்டாதவளுக்கு அரைப்பேரே கிட்டும் என்ற அச்சம் மூடநம்பிக்கையன்று. கூலிக் கணக்கைப் படித்த அனுபவமே அது. ஆகவே கருவியின் வடிவம் பேசப்படும் மேசையில் கிலோவின் அளவும் பேசப்பட்டாக வேண்டும். கலந்தாலோசனை என்ற பெயரில் ஆயத்தமான கருவியைக் காட்டிக் கையொப்பம் வாங்குவது வேறு.

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், கொழுந்தெடுப்போரின் லயன்களுக்கு நடுவிலேயே இருக்கின்றது. பேராதனைப் பொறியியற் பீடமும் தூரத்தில் இல்லை. மலையகத்துப் பிள்ளைகள் இன்று அதன் மாணவராகவும் உள்ளனர். கத்தரியொன்று சோதிக்கப்படும்போது, வெட்டிய கொழுந்தை மட்டுமன்றி வெட்டியவளின் மணிக்கட்டையும் தோளையும் மாலையில் அவற்றின் நிலையையும் பதிவுசெய்ய இவ்விடங்களில் எந்தத் தடையுமில்லை. சோதனைக்கு வரும் பெண்ணுக்கு அன்றைய முழுப்பேரை வழங்கி, "இதில் எதை மாற்றலாம், அக்கா?" என்று முதல் வரைபடத்தின்போதே கேட்க வேண்டும். அவள் வேண்டாமென்றால் அந்த வரைபடம் திரும்பிச் செல்ல வேண்டும்.