எழுதலாம், ஆனால் வரையக் கூடாது: பிரான்ஸ் அரசு பேரிக்காய்க்குப் பயந்த கதை

ஆயிரம் வார்த்தையில் அரசை விமர்சித்து ஒரு கட்டுரை வந்தால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அதே விஷயத்தை ஒரே ஒரு கார்ட்டூன் சொன்னால் வழக்கு, தடை, கைது என்று விவகாரம் வெடிக்கிறது. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், 19ஆம் நூற்றாண்டு பாரீஸுக்குத்தான் போக வேண்டும். எழுத்துக்கு ஒரு சட்டம், படத்துக்கு வேறொரு சட்டம் என்று பல பத்தாண்டுகள் வைத்திருந்த நாடு பிரான்ஸ். அந்தச் சண்டையில் சிறைக்குப் போனவர்களும் உண்டு, இழுத்து மூடப்பட்ட பத்திரிகைகளும் உண்டு.

எங்கே தொடங்கியது?

1830 ஜூலையில் பாரீஸில் புரட்சி. பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்கப் பார்த்த மன்னர் பத்தாம் சார்ல் ஓடிப்போனார். லூயி ஃபிலிப் புதிய மன்னர் ஆனார். அந்த ஆண்டின் அரசியல் சாசனம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. மக்கள் தங்கள் கருத்தை அச்சிட்டு வெளியிடலாம். தணிக்கை இனி ஒருபோதும் திரும்ப வராது.

அதை அப்படியே நம்பிக் களத்தில் இறங்கியவர் சார்ல் ஃபிலிபோன். 1830 நவம்பரில் ‘லா கரிகாத்யூர்’ என்ற வார இதழைத் தொடங்கினார். 1832 டிசம்பரில் ‘லெ ஷாரிவாரி’ என்ற நாளிதழ் வந்தது. தினம் ஒரு புதுப் படம் என்பதுதான் அதன் ஸ்பெஷல். ஷாரிவாரி என்றால், ஊருக்குப் பிடிக்காத ஆளின் வீட்டு வாசலில் கூடி, சட்டி பானையைத் தட்டிக் கூச்சல் போட்டு மானத்தை வாங்கும் பழைய கிராமத்து வழக்கம். பத்திரிகையின் வேலையும் அதுதான்.

இதற்குக் கைகொடுத்தது அன்றைய புதிய தொழில்நுட்பமான லித்தோகிராஃபி. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் ஓவியரே நேரடியாக வரையலாம். செதுக்குகிற வேலை கிடையாது. இன்றைக்கு நடந்ததைச் சில நாட்களிலேயே படமாக்கி அச்சடித்துவிடலாம். செலவும் குறைவு.

பேரிக்காய் எப்படி வந்தது?

புரட்சியின் வாக்குறுதிகளை மன்னர் சுண்ணாம்பு பூசி மறைப்பதுபோல ஒரு படம் 1831இல் வந்தது. மன்னரை அவமதித்ததாக ஃபிலிபோன் மீது வழக்கு. அந்த நவம்பரில் நீதிமன்றத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். காகிதத்தை எடுத்து நான்கு படங்கள் வரைந்தார். முதலாவது மன்னரின் முகம். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் தொங்குகிறது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நான்காவது படம் வெறும் பேரிக்காய்.

அவருடைய வாதம் சிம்பிள். சாயல் இருப்பதே குற்றம் என்றால் முதல் படத்துக்குத் தண்டனை கொடுக்க வேண்டும். இரண்டாவது முதலாவது மாதிரி இருக்கிறது, அதற்கும் கொடுக்க வேண்டும். அப்படியே போனால் கடைசியில் பேரிக்காய்க்கும் தண்டனை கொடுக்க வேண்டியிருக்கும். அது முடியுமா?

வாதம் எடுபடவில்லை. ஆறு மாதச் சிறை, 2,000 ஃபிராங்க் அபராதம். ஆனால் பேரிக்காய் ஜெயித்துவிட்டது. பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு ஏமாளி என்றும் ஒரு பொருள் உண்டு. பாரீஸ் சுவர்களில் யார் யாரோ பேரிக்காய் கிறுக்க ஆரம்பித்தார்கள். மன்னரின் பெயரோ முகமோ எழுத வேண்டியதில்லை. ஒரு வளைந்த கோடு போதும், பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். இன்னொரு வழக்கின் தீர்ப்பைக் கட்டாயம் அச்சிட வேண்டியிருந்தபோது, 1834இல் ‘லெ ஷாரிவாரி’ அதன் வரிகளைப் பேரிக்காய் வடிவத்திலேயே அடுக்கி வெளியிட்டது!

சிரிப்பு மட்டும்தானா?

இல்லை. ஃபிலிபோனிடம் வேலை பார்த்த ஒனோரே தோமியேவுக்கு 1831இல் வயது 23. அவர் வரைந்த ‘கார்கான்துவா’ படத்தில் மன்னர் ராட்சத வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். ஏழைகள் கொட்டும் காசு கூடைகூடையாக அவர் வாய்க்குள் போகிறது. சலுகைக் காகிதங்கள் கீழே வந்து விழுகின்றன, வேண்டப்பட்டவர்கள் பொறுக்கிக்கொள்கிறார்கள். இதற்கு ஆறு மாதச் சிறை, 500 ஃபிராங்க் அபராதம்.

அபராதங்கள் குவிந்ததால் ஃபிலிபோன் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதச் சந்தா கட்டுபவர்களுக்குப் பெரிய அளவில் தனிப்படம் கொடுப்பது, அந்தப் பணத்தில் அபராதம் கட்டுவது. இன்றைய பாஷையில் கிரவுட் ஃபண்டிங்.

அந்த வரிசையில் கடைசியாக வந்த படம்தான் எல்லாவற்றையும்விட கனமானது. 1834 ஏப்ரலில் பாரீஸில் கலவரம். த்ரான்ஸ்நோனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து சுட்டார்கள் என்று சொல்லி, உள்ளே புகுந்த ராணுவம் குடியிருந்தவர்களைக் கொன்றது. தோமியே வரைந்த படத்தில் கிண்டலே இல்லை. இரவு உடையில் கட்டிலை ஒட்டிச் சரிந்து கிடக்கும் ஒருவர். அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. அவ்வளவுதான். போலீஸ் பிரதிகளைத் தேடிப் பறிமுதல் செய்தது.

படத்துக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

1835 ஜூலை 28 அன்று மன்னரைக் குறிவைத்துப் பல குழல் துப்பாக்கியால் தாக்குதல் நடந்தது. மன்னர் தப்பினார், 18 பேர் இறந்தார்கள். பத்திரிகைகள் தூண்டிவிட்டதுதான் காரணம் என்றது அரசு. செப்டம்பரில் புதிய சட்டங்கள் வந்தன. அதன்படி ஒரு படத்தை வெளியிட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

எழுத்து மட்டும் முழு சுதந்திரத்தோடு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எழுதியவர் மீதும் வழக்குப் போட்டார்கள். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் இருந்தது. கட்டுரை வெளிவந்த பிறகுதான் தண்டனை. படமோ, அதிகாரி ஓகே சொல்லாமல் வெளியே வரவே முடியாது.

தணிக்கை கிடையாது என்று சாசனமே சொல்கிறதே? அரசு அதற்கொரு விளக்கம் வைத்திருந்தது. சாசனம் பாதுகாப்பது கருத்தை மட்டும்தான். படம் கண்ணோடு பேசுகிறது, அது கருத்து அல்ல, செயல். ஆகவே சாசனம் அதற்குப் பொருந்தாது.

இந்த வாதத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு பயம். கட்டுரையைப் படிக்க எழுத்து தெரிய வேண்டும், சந்தா கட்டக் காசு வேண்டும். அதெல்லாம் வசதியானவர்களின் உலகம். படம் அப்படி இல்லை. ஃபிலிபோனின் படங்களை விற்ற கடையின் கண்ணாடி ஜன்னல் முன்னால் தெருவில் போகிறவர்கள் கூட்டமாக நின்று இலவசமாகப் பார்த்துச் சிரித்தார்கள். எழுத்தறிவில்லாத தொழிலாளிக்கும் பேரிக்காய் புரியும். அரசு பயந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான்.

பிறகு என்ன ஆனது?

‘லா கரிகாத்யூர்’ 1835 ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. ‘லெ ஷாரிவாரி’ ரூட்டை மாற்றியது. மன்னரைத் தொட முடியாதா? சரி, சமூகத்தைத் தொடுவோம். ரொபேர் மக்கேர் என்ற மோசடிப் பேர்வழியை வைத்துத் தோமியே சுமார் 100 படங்கள் வரைந்தார். போலி கம்பெனிக்குப் பங்கு விற்பவர், பொய் மருந்து விற்பவர், வாய்ச்சவடால் வக்கீல் என எல்லா வேஷமும் மக்கேருக்கு உண்டு. அரசியல் இல்லை என்றார்கள். ஆனால் அந்த ஆட்சி யாருக்காக நடந்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

1848 புரட்சியில் தணிக்கை போனது, 1852இல் திரும்ப வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. யாரைக் கேலியாக வரைகிறீர்களோ, அவரிடமே அனுமதி வாங்க வேண்டும்! ஆந்த்ரே ஜில் என்ற ஓவியர் அந்த அனுமதிக் கடிதங்களையே படத்தோடு சேர்த்து அச்சிட்டார். அவர் வரைந்த ‘லா லூன்’, அதாவது ‘நிலா’ இதழ் தடை செய்யப்பட்டது. 1868இல் அதற்குப் பதிலாக வந்த இதழின் பெயர் ‘லெக்லிப்ஸ்’. கிரகணம்.

கடைசியில் 1881 ஜூலை 29 பத்திரிகைச் சுதந்திரச் சட்டம்தான் படங்களுக்கான முன் அனுமதியை நீக்கியது. 1830 சாசனம் கொடுத்த வாக்குறுதி படத்துக்கு வந்து சேர 51 ஆண்டுகள் ஆயின.

சுதந்திரம் வந்ததும் எல்லாம் சரியா?

அதுவும் இல்லை. யூதரான ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ் மீது பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட விவகாரத்தில், 1898இல் தொடங்கிய ‘ப்ஸ்ட்’ என்ற கேலிச்சித்திர இதழ் அவருக்கு எதிராக, யூத வெறுப்பைக் கக்கும் படங்களை வெளியிட்டது. மன்னரை நோக்கி நீண்ட அதே பென்சில், இப்போது ஒரு சிறுபான்மையை நோக்கித் திரும்பியது. மேலே இருப்பவரைக் கேலி செய்வதும், ஏற்கெனவே அடிபடுபவரை மிதிப்பதும் ஒன்றா என்ற கேள்வி இன்றைக்கும் முடியவில்லை.

பல திருத்தங்களோடு அந்த 1881 சட்டம்தான் இன்றும் பிரான்ஸில் நடைமுறையில் இருக்கிறது. முகமது நபி குறித்த கேலிச்சித்திரங்களுக்காக ‘ஷார்லி எப்தோ’ இதழ் மீது வழக்கு வந்ததும், 2007இல் அது விடுவிக்கப்பட்டதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். 2015 ஜனவரியில் அதன் அலுவலகத்தில் புகுந்தவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. அந்தத் தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள்.

கருவி கல்லிலிருந்து போனுக்கு மாறியிருக்கிறது. ஆனால் 1835இல் அரசு வைத்த வாதம் பழசாகவில்லை. ‘விமர்சனம் செய்யுங்கள், ஆனால் இப்படியா வரைவது?’ என்று அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அடுத்த முறை கேட்டால், அவருக்குப் பிரச்சினை படமா, அல்லது அதைப் பார்க்கப்போகும் கூட்டமா என்று கேட்டுப் பார்க்கலாம்.