கத்தியின் மேல் போட்ட பழி

"கட்டியில கத்தி வைக்கக் கூடாது. வெட்டினாப் புற்றாப் பரவும்." திருகோணமலையில் இதைச் சொல்லாத வீடு குறைவு. திருக்கடலூரில் வலை திருத்துகிறவர் சொல்கிறார், சீனன்குடாவில் மூட்டை இறக்குகிறவர் சொல்கிறார், கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதே பேச்சுத்தான். இனம், மதம், படிப்பு பார்க்காமல் எல்லோரும் ஒத்துப்போகிற விஷயங்கள் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை. இருக்கிற சிலவற்றில் ஒன்று பொய்யாகப் போனதுதான் வயிற்றெரிச்சல்.

பேச்சு பெரும்பாலும் கொழுப்புக் கட்டியைப் பற்றியது. தோளிலோ முதுகிலோ கையிலோ தோலுக்கடியில் மெத்தென்று இருக்கும், விரலால் அமுக்கினால் வழுக்கி நகரும், வலிக்காது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் அதிகம் வரும். மென்திசுக் கட்டிகளிலேயே மிகப் பரவலானது இது. பெரும்பாலும் 5 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். உடம்பு கொழுத்ததால் வந்தது என்பார்கள். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. சாப்பாட்டைக் குறைத்து, விடியப்புறம் கடற்கரையில் ஓடிப் பத்துக் கிலோ இறங்கினாலும் இது இறங்காது. பசித்த உடம்பு மற்ற இடத்துக் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும், இதை மட்டும் விட்டுவிடும். சில குடும்பங்களில் தகப்பனுக்கும் மகனுக்கும் கைகள் நிறைய இருக்கும். அது பரம்பரை.

இது புற்றாக மாறுமா? நடைமுறையில் இல்லை. மாறியதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, முதலிலிருந்தே வேறொன்றாக இருந்ததைக் கொழுப்புக் கட்டி என்று நம்பிய கதைகள். இந்த வேறுபாடு கைக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டிக்குத் தெரியும்.

வெட்டி எடுத்த கட்டியை ஃபோமலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் முந்நூறில் ஒரு பங்கு தடிப்புக்குச் சீவிச் சாயம் ஏற்றுவார்கள். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடியில் பார்க்கும்போது அங்கே கொழுப்பே இருக்காது. மெழுகில் பதிப்பதற்கு முன்பே அற்ககோலும் சைலீனும் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கலங்களின் வெறும் விளிம்புகள், விரித்துக் காயப்போட்ட வலையின் கண்களைப் போல. கண்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னக் கரு ஒன்று கீறல்போல ஒட்டியிருந்தால் அது சாதாரணக் கொழுப்புக் கட்டி. கண்கள் சிறிதும் பெரிதுமாகி, இடையில் ஓடும் நார்ப்பட்டைகளில் கறுத்துப் பருத்த கருக்கள் தென்பட்டால் நோயியல் நிபுணர் நிமிர்ந்து உட்காருவார்.

அவர் தேடுவது லைப்போசார்க்கோமாவை, அதாவது கொழுப்புத் திசுவின் புற்றை. அதில் ஒரு வகை பார்வைக்கு அப்படியே கொழுப்புக் கட்டிதான். சந்தேகம் தீராவிட்டால் மரபணுவைப் பார்க்க வேண்டும். அந்த வகையில் 12ஆம் நிறமூர்த்தத்திலுள்ள எம்டிஎம்2 என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். சாதாரணக் கட்டியில் அந்தப் பெருக்கம் கிடையாது. அதிலும் பலவற்றில் 12ஆம் நிறமூர்த்தம் மாறித்தான் இருக்கும், ஆனால் குழப்பம் எச்எம்ஜிஏ2 என்ற வேறொரு மரபணுவில். இரண்டும் இரண்டு வழி. சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தி எந்த மரபணுவையும் பெருக்குவதில்லை. கெட்டது என்றால், கத்தி அங்கே வருவதற்கு முன்பே அது கெட்டதுதான்.

பிறகு ஏன் ஊர் முழுக்க இந்த நம்பிக்கை? தொடையில் ஒரு கட்டி வருகிறது. பரியாரியாரிடம் பத்துப் போடுகிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள், "நோகேல்லத்தானே, விடு" என்று மூன்று வருஷம் போகிறது. கட்டி பெருத்துக் கால் மடக்க முடியாமல் போனதும் ஆஸ்பத்திரி. வெட்டுகிறார்கள், அறிக்கை வருகிறது, மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதுகிறார்கள். சில மாதத்தில் ஆள் இல்லை. செத்த வீட்டில் பேசுவது கத்தியைப் பற்றி மட்டுமே. பத்துப் போட்ட மூன்று வருஷத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"நோகேல்லத்தானே" என்ற அந்தச் சொல்லும் ஆளைக் கெடுக்கிற சொல். இளவயதினரின் முன்கையில் வருகிற, இரத்தக் குழாய் கலந்த ஒருவகைக் கொழுப்புக் கட்டி நன்றாக நோகும், ஆனால் ஒன்றும் செய்யாது. மென்திசுப் புற்றான சார்க்கோமாவோ பெரும்பாலும் நோகாமல் வளரும். நோவை வைத்து நல்லது கெட்டது பிரிப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தப்பும்.

ஊர்ப்பேச்சில் அரைப்பங்கு நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. ஸ்கேன் எடுக்காமல், ஊசிப் பரிசோதனை செய்யாமல், "சும்மா கொழுப்புத்தான்" என்று தோண்டி எடுத்த கட்டி சார்க்கோமாவாக இருந்துவிட்டால், கலங்கள் அந்தக் குழியிலேயே தங்கிவிடும். கட்டி திரும்ப வரும். அடுத்த சத்திரசிகிச்சை பெரிதாக இருக்கும், சில வேளை கால் போகும். இங்கேயும் கட்டியைப் புற்றாக்கியது கத்தி இல்லை. பார்க்காமல் வெட்டிய அவசரத்துக்கு வைத்தியரைக் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதற்காக வைத்தியரிடமே போகாமல் இருப்பது என்ன கணக்கு?

பார்த்து வெட்டுவது என்றால் இதுதான். 5 சென்ரிமீற்றரைத் தாண்டியது, வளர்ந்துகொண்டே போவது, தசைக்குள் ஆழமாக இருப்பது, எடுத்த பிறகு திரும்ப வந்தது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் முதலில் ஸ்கேன். எம்ஆர்ஐ படத்தில் நல்ல கொழுப்புக் கட்டி பக்கத்துத் தோலடிக் கொழுப்பின் நிறத்திலேயே இருக்கும். உள்ளே 2 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த பட்டைகளோ, கொழுப்பில்லாத திரளைகளோ தெரிந்தால் தடித்த ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி போன வழியில் நோய் பரவுவது மிக அரிது. அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது என்றுதான், பின்னால் வெட்டும்போது அந்த வழியையும் சேர்த்து எடுக்கும்படி, ஊசி குத்தும் இடத்தை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள்.

சார்க்கோமா அரிதான நோய், அதற்காக ஒரு மாவட்டத்தையே ஏசுகிறேனா என்று கேட்கலாம். எனக்குப் பெரிய பயம் முதுகுக் கட்டியில் இல்லை, மார்புக் கட்டியில். இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் மார்புக்குத்தான். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட கட்டியைக் "கொழுப்புக் கட்டியாயிருக்கும்" என்று தாயே மகளுக்குச் சொல்லி அடக்கிவிடுகிறாள். காட்டினால் ஊசி குத்துவார்கள், குத்தினால் பரவும் என்ற அதே பேச்சு. சுகவனிதையர் கிளினிக்கில் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். வெட்கத்தை விட்டுப் போகிறவளையும் இந்தப் பேச்சு பாதி வழியில் மறித்துவிடுகிறது.

சித்த வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நமது திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது, அந்த மரபில் அறுவையும் ஒரு முறைதான். சண்டை, கட்டி இன்னதென்று தெரியாமலே "கத்தியில்லாமல் கரைப்போம்" என்று பலகை மாட்டுகிறவர்களோடு. நல்ல கட்டியென்றால் கரைக்கத் தேவையே இல்லை. கெட்டதென்றால் பத்துக்கு அது கரையாது.

"அப்ப எல்லாரும் வெட்டிக்கொள்ளச் சொல்லுறியளோ?" இல்லை. தோலுக்கடியில் சின்னதாக, பல வருஷமாக ஒரே அளவில் இருக்கும் கட்டியை வைத்தியரே "இருக்கட்டும்" என்றுதான் அனுப்புவார். காட்டுவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் எத்தனையோ படி இருக்கிறது. பயந்தவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வெட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு சொல். சின்னக் கட்டிதானே என்று எடுத்ததை வாளியில் போட்டுவிட்டுத் தையல் போட்டு அனுப்புகிற டிஸ்பென்சரிகள் உண்டு. எடுத்தது ஃபோமலின் போத்தலுக்குள் போகிறதா, போத்தலில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று கட்டிலை விட்டு இறங்குமுன் கேளுங்கள். அறிக்கை வரும் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தையல் பிரித்ததோடு அந்தப் பக்கமே போகாமல், அறிக்கையை வைத்தியசாலை அலுமாரியில் கிடக்க விட்டவர்தான், கட்டி திரும்ப வந்தால் கத்தியைத் திட்டுவதில் முதல் ஆளாக நிற்பார்.