ஒரே நாளில் பத்து இடங்களா?

மாணவர்களே, கல்விச் சுற்றுலா என்றதும் கொழும்பில் ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்க்கத் திட்டமிடுகின்றோம். பெற்றோர் கொடுக்கும் பணத்திற்கு அதிக இடங்களைக் காட்ட வேண்டும் என்பர் சிலர். பஸ்ஸில் இருந்தபடி எட்டிப் பார்ப்பது பார்த்ததாகுமா? நான் இதனை ஏற்கமாட்டேன்.

கோட்டையிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழ்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். 1857இல் கட்டப்பட்ட இது, பின்னர் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. கடலுக்குத் தெரியாதவாறு சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து ஒளியை மறைத்தமையால் 1952இல் விளக்கு நிறுத்தப்பட்டது. துறைமுக நகரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் குறிப்பும் உங்களுக்குச் சொல்லாது.

அங்கிருந்து நடந்தால் புறக்கோட்டையில் 1909இல் நிறைவுற்ற சிவப்புப் பள்ளிவாசல். அப்பால் ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம். தாமரைக் கோபுரம் எங்கும் ஓடிவிடாது. அதை மாலைக்கு வையுங்கள்.

பட்டியலில் பாதியை வெட்டுமாறு உங்கள் ஆசிரியரிடம் இப்போதே கேளுங்கள். ஆலயத்திற்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.