விளக்குப் பிடித்த கை



சென்ற மாதம் வீட்டுச் செலவைக் கொப்பியில் எழுதிவைப்பது பற்றிச் சொல்லியிருந்தேன். அதை வாசித்த தங்கை ஒருத்தி எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அரிசி, பருப்பு எழுதலாம். இந்த ஸ்கூட்டி தின்னுற காசை எந்தப் பக்கத்தில எழுதுறது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அவள் கேட்டது நியாயமான கேள்வி. எங்களில் பலருக்கு இன்று ஸ்கூட்டிதான் பிழைப்பு. நான் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். ஸ்கூட்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். லீசிங் காசு கட்டும் நாள் மட்டும் நிற்காமல் வந்து சேரும். ஆகவே இம்முறை என் அனுபவத்தையே எழுதுகிறேன்.

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், என் கணவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பெற்றோல் கிடைப்பது அரிது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது, அதனால்தான் அந்த ஏற்பாடு. மண்ணெண்ணெயில் ஓடினால் பிளக்கில் கரி பிடிக்கும். அதைக் கழற்றித் துடைப்பது அவருக்கு இரவு வேலை. பக்கத்தில் விளக்குப் பிடிப்பது என் வேலை. "ஆடாமல் பிடியும்" என்பார். ஒரு நாளாவது அந்த ஸ்பனரை நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. அது ஆம்பிளையள் வேலை என்று இருந்துவிட்டேன்.

2009இற்குப் பிறகு அவர் இல்லை. கைக்குழந்தையோடு முகாமிலிருந்து வந்து, தையல், கச்சான் என்று பலதும் செய்து, 2016இல் லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுத்தேன். அடுத்த வருடமே அது இழுக்க மறுத்தது. கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். காபரேற்றர் மாற்றவேண்டும் என்றார்கள். 6,500 ரூபாய். அந்த மாத லீசிங் காசைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்று கிழமை போகவில்லை, நடு மத்தியானம், குளக்கட்டு வீதியில், மாப் பைகளோடு ஸ்கூட்டி மறுபடியும் நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு போக உடம்பில் தெம்பில்லை. மர நிழலில் இருந்தபோது அவருடைய கைகள் நினைவுக்கு வந்தன. இருக்கைக்குக் கீழே கிடந்த ஸ்பனரை எடுத்து, எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புச் சட்டி போலக் கறுத்திருந்தது. துணியால் துடைத்து, கரியைச் சுரண்டி, திரும்பப் பூட்டினேன். இயங்கியது! வீதியோரத்தில் இருந்து அழுதேன். அத்தனை காலமும் விளக்குப் பிடித்துக்கொண்டு நான் சும்மா நிற்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

பிளக் கறுத்ததற்குக் காரணத்தை அயலூர் மெக்கானிக் ஐயா ஒருவர் பிறகு காட்டித் தந்தார். எங்கள் செம்மண் புழுதி காற்று பில்ரரை அடைத்திருந்தது. காற்றுக் குறைந்தால் பெற்றோல் முழுதாக எரியாது, கரி பிடிக்கும், செலவும் கூடும். பில்ரரை மாற்ற வேண்டிய இடத்தில் நான் காபரேற்றரை மாற்றியிருக்கிறேன். அவரிடம் படித்ததில் நாமே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ரயர் காற்று: கிழமைக்கு ஒருமுறை, ஓடமுன் காலையில் பாருங்கள். முன், பின் சக்கரங்களுக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். காற்றுக் குறைந்தால் ரயரின் ஓரங்கள் தேயும், பெற்றோலும் கூடச் செலவாகும்.

காற்று பில்ரர்: கடதாசி வகையைக் கழுவக்கூடாது, அடைத்தால் மாற்றவேண்டும். பஞ்சு வகையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கையேட்டில் சொன்னபடி பூட்டலாம். புழுதி வீதியில் ஓடுபவர்கள் அடிக்கடி பார்க்கவேண்டும்.

பிளக்: நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பில்ரரைப் பாருங்கள். ஒயில் ஈரம் என்றால் கராஜுக்குப் போங்கள். திரும்பப் பூட்டும்போது முதலில் கையாலேயே இறுதிவரை திருகி, பிறகுதான் ஸ்பனரால் சற்று இறுக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் எஞ்சினில் உள்ள புரி கெட்டுவிடும். அது பெருஞ்செலவு.

எஞ்சின் ஒயில்: சமதரையில் நடு ஸ்ராண்டில் நிறுத்தி, குச்சியில் அளவு பாருங்கள். மாற்றினால் பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வளவிலோ ஊற்றாதீர்கள். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் குடிதண்ணீருக்குப் பட்ட பாடு நாம் அறிந்ததுதானே. போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். அக்காலத்தில் நாங்கள் விளக்கு வைத்துச் செய்தது ஆபத்தான வேலை. பெற்றோல் உள்ள இடத்தில் நெருப்பு ஆகாது. ரோச் லைற்றே போதும். பிறேக், பெல்ற், முன் சக்கரப் பிடி இவற்றில் நாமாகக் கைவைக்க வேண்டாம். உயிரோடு விளையாடிச் சேமிக்கும் காசு நமக்கு எதற்கு? கராஜுக்குப் போனாலும் "கழற்றின பழைய சாமானைத் தாங்கோ தம்பி" என்று கேட்டு வாங்குங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், மாற்றிய பொருள், கொடுத்த காசு நான்கையும் கொப்பியில் எழுதுங்கள். தங்கை கேட்டாளே, அந்தப் பக்கம் இதுதான்.

2022 யூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு வந்த பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். பில்ரரும் ரயரும் ஒழுங்காக இருந்தபடியால், சுற்றி ஓடாமல் கணக்காக ஓடி, என் கடைகளை நான் விடவில்லை.

போன ஞாயிறு என் கடைசி மகள் பிளக் கழற்றினாள். முகாமிலிருந்து கையில் தூக்கி வந்த பிள்ளை. "அம்மா, ஆடாமல் பிடியுங்கோ" என்றாள். ரோச் லைற் என் கையில் இருந்தது, ஸ்பனர் அவள் கையில்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்பனரை அவர்கள் கையில் கொடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.