பாலத்தில் நடந்தே மியான்மர் போகலாமா? தமிழர்கள் வாழும் மோரே எல்லையில் என்ன மாறியது?

"விசா எதுவும் வேண்டாம். ஐடி கார்டைக் கொடுத்துட்டு நடந்தே மியான்மர் போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்." மணிப்பூரின் மோரே பற்றிய பழைய பயண வீடியோக்களில் அடிக்கடி வரும் பேச்சு இது. அதை நம்பி காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் இப்போது லீவு போட்டுக் கிளம்பினால் என்ன ஆகும்?

மோரே எங்கே இருக்கிறது?

இம்பாலில் இருந்து சுமார் 110 கி.மீ. தூரத்தில் உள்ள எல்லை ஊர் மோரே. எதிரே இருப்பது மியான்மரின் தமு நகரம். இடையில் இந்திய - மியான்மர் நட்புறவுப் பாலம். அருகிலேயே நம்பலாங் சந்தைக்குப் போகும் இன்னொரு கேட் உண்டு. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் நடந்து போய் வந்தது இந்த வழியில்தான்.

தமிழர்கள் எப்படி வந்தார்கள்?

1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக, தமிழர்கள் பலர் வெளியேறினார்கள். சென்னைக்கு வந்தவர்களால் பர்மா பஜாரும் அத்தோவும் நமக்குப் பழக்கமாயின. சிலர் மீண்டும் பர்மாவுக்கே போக முயன்று, முடியாமல் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்காளபரமேஸ்வரி கோயில், தமிழ்ச் சங்கம் என ஒரு சின்ன தமிழகமே அங்கே உருவானது. அவர்களுக்குச் சோறு போட்டது எல்லை வியாபாரம்.

விசா இல்லாமல் எப்படி விட்டார்கள்?

எல்லையின் இருபுறமும் 16 கி.மீ.க்குள் வசிப்பவர்கள் விசா இல்லாமல் போய்வர 'தடையற்ற நடமாட்ட' ஏற்பாடு இருந்தது. அது உள்ளூர் மக்களுக்கானது. வெளியூர்க்காரர்களுக்குக் கிடைத்த ஒருநாள் அனுமதி வெறும் சலுகை; உரிமை அல்ல. பாஸ்போர்ட், விசாவோடு முறைப்படி கடக்கும் வழி 2018 ஆகஸ்ட் 8-ல்தான் திறந்தது.

பிறகு என்ன ஆனது?

2020 மார்ச்சில் கொரோனாவால் கேட் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி. 2023 மே மாதம் மணிப்பூர் கலவரம்; மோரேயும் தப்பவில்லை. 2024 பிப்ரவரியில், 1,643 கி.மீ. எல்லைக்கு வேலி போடப்படும், தடையற்ற நடமாட்டம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த புதிய நடைமுறைப்படி, எல்லையில் இருந்து 10 கி.மீ.க்குள் வசிப்பவர்களுக்கு மட்டும் 7 நாள் எல்லை பாஸ். வழங்குவது அசாம் ரைஃபிள்ஸ்.

அப்படியென்றால் சுற்றுலாப் பயணி?

காக்களூர்க்காரருக்கு அந்த பாஸ் கிடைக்காது. மணிப்பூருக்குள் நுழையவே, 2020 தொடக்கத்தில் இருந்து வெளிமாநிலத்தவர் இன்னர் லைன் பெர்மிட் வாங்க வேண்டும். பாஸோ விசாவோ இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அது சட்டவிரோத நுழைவு. "அந்தக் காலத்தில் விட்டாங்களே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

வேறு வழி?

நடந்தே வெளிநாடு போகும் ஆசை இருந்தால் நேபாளம் இருக்கிறது. 1950 ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. உத்தராகண்டின் தார்ச்சுலாவில் காளி நதியின் தொங்கு பாலத்தைத் தாண்டினால் அக்கரை நேபாளம். வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும். பாலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

சுற்றுலாப் பயணிக்கு ஊரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அந்தக் கேட்டை நம்பியே கடை போட்ட மோரே தமிழர்களுக்கு அது இல்லை. பர்மாவை விட்டு ஒருமுறை வெளியேறிய குடும்பங்களில் பல, பிழைப்புத் தேடி இப்போது மோரேயையும் விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.