முட்டையும் குற்றவுணர்வும்: வகுப்பறையில் வாழும் ஒரு கட்டுக்கதை

கடந்த மாதம் தில்லியில் நுகர்வுப் பண்பாடு குறித்த கருத்தரங்கொன்றில் அந்தக் கதையை மீண்டும் கேட்க நேர்ந்தது. மேலாண்மைப் பள்ளிகளின் முதலாண்டு வகுப்பிலேயே சொல்லப்படும் கதைதான். 1950களில் அமெரிக்க நிறுவனமொன்று, தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலந்தால் போதும் என்று கேக் மாவு விற்றது. பெண்கள் வாங்கத் தயங்கினார்கள். எர்னஸ்ட் டிக்டர் என்னும் உளவியலாளர் வரவழைக்கப்பட்டார். இவ்வளவு எளிதாகக் கேக் செய்வது குடும்பத்தை ஏமாற்றுவதாகும் என்ற குற்றவுணர்வு இல்லத்தரசிகளின் ஆழ்மனத்தில் இருப்பதாக அவர் கண்டுபிடித்தார். மாவிலுள்ள முட்டைப் பொடியை எடுத்துவிட்டு முட்டையை அவர்களையே உடைத்து ஊற்றச் சொல்லுங்கள் என்றார். விற்பனை பெருகியது. அரங்கில் சிரிப்பு, கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த முதுகலை மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நானும் அப்படி எழுதிக்கொண்டவன்தான். என் எம்.ஃபில். ஆய்வேட்டில் இக்கதைக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தேன். நெறியாளரோ தேர்வாளரோ அதற்குச் சான்று கேட்கவில்லை. எனவே இப்பதிவில் உள்ள சினத்தில் ஒரு பகுதி என்மீதே உள்ளது.

முதலில் காலவரிசையைப் பார்ப்போம். பிட்ஸ்பர்க் நகரில் கரும்புப்பாகு வணிகம் செய்துவந்த பி. டஃப் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் ஜான் டஃப், கேக் மாவுக் கலவைக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். கோதுமை மாவு, பாகு, கொழுப்பு, இஞ்சி முதலியவற்றோடு முட்டைப் பொடியும் அதில் இருந்தது. வீட்டில் தண்ணீர் சேர்த்தால் போதும். 1935இல் அவர் பெற்ற இன்னொரு காப்புரிமையில் முட்டைப் பொடி இல்லை. முட்டையை வீட்டில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இல்லத்தரசிகளும் பொதுவாக வாங்குவோரும் புதிய முட்டையையே விரும்புவதாகத் தெரிகிறது என்று அந்த ஆவணமே காரணம் சொல்கிறது. அந்த ஆண்டில் டிக்டர் வியன்னாவில் இருந்த ஓர் இளம் உளவியலாளர். அவர் அமெரிக்காவில் குடியேறியது 1938இல். தமது ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது 1946இல். முட்டையை மாவிலிருந்து எடுத்த கை அவருடையதாக இருக்க வழியே இல்லை.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் எழலாம். டஃப்பின் காப்புரிமையிலேயே, முட்டைப் பொடி உளவியல் நோக்கில் ஒரு தடை என்ற கருத்து இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது சுட்டுவது வாங்குவோருக்குப் பொடியின்மீது இருந்த அவநம்பிக்கையை. குற்றவுணர்வு பற்றியோ கணவனை ஏமாற்றுவது பற்றியோ அதில் எதுவும் இல்லை. அந்த அவநம்பிக்கைக்குக் கைக்கெட்டும் காரணங்களும் இருந்தன.

முட்டையில் இயல்பாகவே சிறிதளவு குளுக்கோஸ் உண்டு. உலர்த்திய முட்டையைச் சேமித்துவைத்திருக்கும்போது அந்தக் குளுக்கோஸ் புரதத்தோடு வினைபுரிகிறது. பொடி பழுப்பேறுகிறது, நீரில் கரையும் திறன் குறைகிறது, வேண்டாத வாடை வருகிறது. இது உணவு வேதியியலின் பாலபாடம். இதற்குத் தீர்வாக, உலர்த்துவதற்கு முன்பே நொதித்தல் மூலமாகவோ நொதியைக் கொண்டோ குளுக்கோஸை நீக்கும் முறைகள் உருவாக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பங்கீட்டு அட்டைக்காரர்களுக்கு, பன்னிரண்டு முட்டைக்கு ஈடான அமெரிக்க முட்டைப் பொடிப் பொட்டலம் வழங்கப்பட்டது. அந்தத் தலைமுறையினர் அதன் சுவையைப் பற்றிச் சொன்னவற்றுள் பாராட்டு மிகக் குறைவு. ஆக, பழைய பொடி சேர்ந்த மாவில் செய்த கேக் சுவையிலும் பதத்திலும் தாழ்ந்தது. புதிய முட்டை சேர்த்தால் கேக் நன்றாக வந்தது. 1951இல் டங்கன் ஹைன்ஸ் என்ற பெயரில் வந்த கேக் மாவும் புதிய முட்டையைக் கேட்டது. சந்தையில் வேகமாக இடம்பிடித்தது. இதை விளக்க ஆழ்மனத்தைத் தோண்டவேண்டியதில்லை, நாக்கு போதும்.

டிக்டர் உணவு நிறுவனங்களுக்காகப் பெண்களைப் பேட்டி கண்டார் என்பதையோ, கேக் மாவைப் பற்றிக் கருத்துச் சொன்னார் என்பதையோ நான் மறுக்கவில்லை. வழக்கத்தில் இருந்த ஒன்றுக்கு அவர் ஒரு விளக்கம் தந்தார். நம் வகுப்பறைகள் அவ்விளக்கத்தைக் காரணமாக்கிவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய புகழைப் பரப்பியவர்களுள் அவரை வன்மையாகத் தாக்கியவர்களும் அடங்குவர். 1957இல் வான்ஸ் பாக்கார்டும் 1963இல் பெட்டி ஃப்ரீடனும் இத்தகைய ஊக்க ஆய்வுகளை அம்பலப்படுத்தவே எழுதினார்கள். ஆனால் மந்திரவாதியைத் திட்டும்போதே அவருடைய மந்திரம் பலிக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். லாரா ஷாபிரோ 2004இல் வெளியிட்ட நூலில் இக்கதையின் பிடியைத் தளர்த்திக் காட்டினார். இருபதாண்டுகளுக்குப் பிறகும் நம் பாடக்குறிப்புகளில் ஒரு வரி மாறவில்லை.

"அது ஓர் எடுத்துக்காட்டுக் கதைதானே, இவ்வளவு கோபம் எதற்கு?" என்று அமர்வுக்குப் பின் தேநீர் வேளையில் ஒரு பேராசிரியர் கேட்டார். என் கோபம் கதையின் அடித்தளத்தைப் பற்றியது. ஒரு பெண், "இந்தப் பொடி வாடை அடிக்கிறது" என்கிறாள். எதிரே அமர்ந்திருக்கும் அறிஞர், "இல்லை, உனக்குக் குற்றவுணர்வு" என்கிறார். நாம் அறிஞரின் பக்கம் நின்று கைதட்டுகிறோம். தன் அடுப்படியில் பல்லாண்டுகள் கேக் செய்த ஒருத்தியின் தேர்ந்த தீர்ப்பு, மனநோயின் அறிகுறியாக மாற்றப்பட்டுவிடுகிறது. இன்று களஆய்வுக்குப் போகும் நம் மாணவர்கள் இக்கதையிலிருந்து முறையியலைக் கற்கிறார்கள். தகவலாளி சொல்வது ஒன்று, அவளுடைய உண்மை வேறொன்று, அதை நாமே அறிவோம் என்னும் முறையியல். நியாயவிலைக் கடை அரிசியை மறுக்கும் பெண்ணையும், அங்கன்வாடிச் சத்துமாவைக் கீழே கொட்டும் தாயையும் அவர்கள் இதே கண்ணோடுதான் பார்க்கப்போகிறார்கள். "சுவையில்லை" என்ற சொல் அவர்கள் குறிப்பேட்டில் 'பண்பாட்டுத் தயக்கம்' என்று பதிவாகும்.

(கூடவே ஓர் ஐயம். நம் நாட்டில் முட்டையில்லாக் கேக் மாவு விற்கிறது. முட்டைக்குப் பதிலாகக் கட்டிப்பால் ஊற்றிக் கேக் செய்யும் வீடுகள் ஏராளம். அகமதாபாத்தில் அப்படிச் செய்யும் பெண் தன் குற்றவுணர்வை எதை உடைத்துத் தீர்த்துக்கொள்கிறாள்? இதற்கு விடை சொன்ன மேலாண்மை ஆசிரியர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.)

அக்காலத்து உணவுகளின் தோற்றக் கதைகள் பலவும் இதே அச்சில் வார்த்தவைதாம். ஸ்வான்சன் நிறுவனம் 1950களின் முற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த உறைநிலைத் தட்டு உணவை எடுத்துக்கொள்ளுங்கள். 'டிவி டின்னர்' என்று பெயர்பெற்றது. பண்டிகையில் விற்காமல் தேங்கிய 260 டன் வான்கோழி இறைச்சி பத்து ரயில் பெட்டிகளில் அலைந்துகொண்டிருந்ததாம். ஜெரி தாமஸ் என்ற விற்பனையாளர் விமானத்தில் கண்ட தட்டை நினைவுகூர்ந்து நிறுவனத்தைக் காப்பாற்றினாராம். ஸ்வான்சன் குடும்பத்தாரே இதை மறுத்திருக்கிறார்கள். விமானப் பயணத்துக்கான உறைந்த தட்டு உணவை மாக்சன் நிறுவனம் 1940களின் நடுவிலேயே செய்துவிட்டது. ஒரே தட்டிலுள்ள இறைச்சியும் காயும் கிழங்கும் ஒரே நேரத்தில், கருகாமலும் வேகாமல் நிற்காமலும் சூடாகவேண்டும் என்பதுதான் கடினமான சிக்கல். அதற்காக உழைத்தவர்களுள் ஒருவர் ஸ்வான்சன் நிறுவனத்தின் பாக்டீரியாவியலாளர் பெட்டி கிரோனின். எத்தனை பாடக்குறிப்புகளில் அவர் பெயரைக் கண்டிருக்கிறீர்கள்? ரயில் பெட்டிகளை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டி க்ராக்கரை எல்லோருக்கும் தெரியும் என்பதும் இதோடு சேர்ந்ததே. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. மினியாபொலிஸ் மாவு ஆலை ஒன்று, வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதிலெழுத 1921இல் உருவாக்கிய கற்பனைப் பெயர் அது. அப்பெயருக்குப் பின்னால் சமையல் கூடங்களில் மாவை அளந்து, வேகவைத்து, தவறினால் மீண்டும் செய்துபார்த்த மனையியல் பட்டதாரிப் பெண்கள் பலர். மார்ஜரி ஹஸ்டட் போன்ற ஓரிருவரின் பெயரே வரலாற்றில் எஞ்சியது. 1945இல் ஃபார்ச்சூன் இதழ் அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்களுள் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்த இடத்தை இந்த இல்லாத பெண்ணுக்குத் தந்தது. இருந்த பெண்களைப் பாடத்திட்டம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை.

அமெரிக்காவை மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனந்தில் எருமைப்பாலைப் பொடியாக்கும் ஆலையை 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்துவைத்தார். எருமைப்பாலை அப்படி உலர்த்தமுடியாது என்ற வல்லுநர் கருத்துக்கு எதிராகத் தொழில்நுட்பத்தைச் செய்துகாட்டியவர் எச்.எம். தலாயா. குரியன் தம் தன்வரலாற்றில் நண்பருக்குரிய இடத்தைக் குறைவின்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால் என் வகுப்பில் நாற்பது மாணவர்களிடம் கேட்டபோது தலாயாவை அறிந்தவர் ஒருவரும் இல்லை. குரியனை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

டஃப்பின் இரு காப்புரிமைகளையும் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இரண்டும் சேர்ந்து சில பக்கங்களே. கருத்தரங்கு முடிந்த அன்றிரவே அவற்றை அமர்வில் கதை சொன்னவருக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "சுவையான தகவல், நன்றி. ஆனால் மாணவர்களுக்குப் பழைய கதைதான் எளிதில் பதியும்." பக்கத்து இருக்கை மாணவியின் மின்னஞ்சல் முகவரியை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருக்கிறேன்.